ஒயர் கூடை பின்னி விற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டிலிருந்தே ஒயர் கூடை பின்னிக் கொடுக்கிறேன். கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து, கொலு என்று விசேஷ வீடுகளுக்குத்தான் பாதிக்கு மேல் போகும். மீதி சந்தைக்கு எடுத்துப்போகும் கூடை, கோயில் அர்ச்சனைக் கூடை, பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடை. புதிதாகத் தொடங்க நினைப்பவர்களும் ஆர்டர் கொடுக்க வருகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

கற்றுக்கொள்ள எவ்வளவு நாள் ஆகும்?

முடிச்சு ஒரு மதியத்தில் பிடிபட்டுவிடும். சாதா முடிச்சுக்கு வலது, இடது என்று இரண்டு பக்கம்தான் உண்டு. அடி போடுவதும், அங்கிருந்து சுற்று எழுப்புவதும் நாலைந்து நாளில் வரும். கைப்பிடிதான் எல்லோரையும் படுத்தும். கூடை எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்குபவர் முதலில் கை வைத்துப் பார்ப்பது கைப்பிடியைத்தான். அது தொளதொளவென்று இருந்தால் விலை பேசவே வாய் வராது. சாதா முடிச்சில் ஒரே அளவுக் கூடை நாலைந்தாவது முடித்த பிறகு நெல்லிக்காய்க் கூடை, சிவன் கண் கூடை போன்ற கடினமான பின்னல்கள் பக்கம் போங்கள்.

என்னென்ன வாங்க வேண்டும்?

ஒயர், நல்ல கத்தரிக்கோல், அளக்க டேப். முனையை மடக்கிச் சொருகும்போது வழி விலக்கிக் கொடுக்க மழுங்கின ஊசியோ மெல்லிய கம்பியோ இருந்தால் போதும். வேறு ஒன்றும் தேவையில்லை. பெட்டி பெட்டியாகச் சாமான் வாங்கச் சொல்கிறவர்கள் அந்தச் சாமானை விற்பவர்களாகத்தான் இருப்பார்கள்.

நல்ல ஒயர், மட்ட ஒயர் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு முனையை மடித்து நகத்தால் அழுத்திப் பாருங்கள். மடித்த இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்து அப்படியே நின்றால் அது கழிவைக் கலந்து உருக்கிய ஒயர். முடிச்சை இறுக்கும்போது பட்டென்று விடும். மோந்து பார்த்தாலும் தெரியும்: பழைய பிளாஸ்டிக்கை எரித்தது போல ஒரு வாடை வரும். நல்ல ஒயர் மெத்தென்று வளையும், இரண்டு ஓரமும் ஒரே கனமாக இருக்கும்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஒரே கடை, ஒரே நிறம் என்றாலும் இந்த வாரம் வந்த கட்டும் அடுத்த மாதம் வரும் கட்டும் ஒன்றாக இருக்காது. தனித்தனியாகப் பார்த்தால் தெரியாது. பந்தியில் தாம்பூலம் கொடுக்க ஐம்பது கூடையை வரிசையாக அடுக்கி வைக்கும்போது பத்துக் கூடை மட்டும் வெளுத்தது போல நிற்கும். ஆகவே ஒரு ஆர்டருக்கு வேண்டிய ஒயரை ஒரே தடவையில், ஒன்றிரண்டு கட்டு கூடுதலாகவே வாங்கிவிடுங்கள். மிஞ்சினால் வீணாகாது, சின்னப் பூக்கூடைக்கு ஆகும்.

தாம்பூலக் கூடை என்ன அளவில் இருக்க வேண்டும்?

தேங்காய்தான் அளவு. ஆர்டர் கொடுக்க வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது நிறத்தை அல்ல, என்ன தேங்காய் வைக்கப்போகிறீர்கள் என்பதைத்தான். குடுமியோடு உரித்த பெரிய தேங்காய் என்றால் ஒரு அளவு, சின்னக் காய் என்றால் வேறு அளவு. தேங்காய்க்குப் பக்கத்தில் இரண்டு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம் பொட்டலம், ஊர் வழக்கப்படி ஒரு இனிப்பு டப்பா என்று எல்லாம் அடங்க வேண்டும். ஆறு அங்குல நீளம், நாலரை அங்குல அகலம், ஆறு அங்குல உயரம் என்றால் சராசரியாகச் சரியாக இருக்கும்.

முதல் கூடை முடிந்ததும் உண்மையான தேங்காயை வைத்துத் தூக்கிப் பாருங்கள். அடி தொங்குகிறதா, கைப்பிடி ஒரு பக்கம் சாய்கிறதா என்பது வெறும் கூடையில் தெரியவே தெரியாது. தேங்காய் ஒரு ஓரமாக உருண்டுபோய் நின்றால் அகலம் அதிகம். ஒரு வரிசை குறைத்துவிடுங்கள்.

கல்யாணத்துக்கு நூறு கூடை கேட்கிறார்கள், எடுக்கலாமா?

தேதியைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள். கை பழகினவருக்கு ஒரு தாம்பூலக் கூடை இரண்டரை, மூன்று மணி நேரம் பிடிக்கும். மூன்று என்று வைத்துக்கொண்டால் நூறு கூடைக்கு 300 மணி நேரம். சமையல், பிள்ளைகள், தண்ணீர் பிடிப்பது எல்லாம் போக ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் உட்கார முடிந்தால் 60 நாள். அதில் ஊருக்குப் போகிற நாள், காய்ச்சல் வந்த நாள் எதுவும் சேரவில்லை. தனி ஆளாக நூறு கூடைக்கு இரண்டரை மாதம் இல்லாமல் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பெரும்பாலும் முகூர்த்தத்துக்கு மூன்று மாதம் முன்பே மண்டபம் பிடித்துவிடுகிறார்கள், ஆனால் கூடை ஞாபகம் வருவது பத்திரிகை அடித்த பிறகுதான். அப்போது வருகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி: எல்லோருக்கும் கூடை வேண்டாம், சம்பந்தி வீட்டார், நெருங்கிய சொந்தம் என்று முப்பது பேருக்குக் கூடை, மற்றவர்களுக்குத் துணிப்பை. இப்படிச் சொன்னால் வந்த ஆர்டரும் கை விட்டுப் போகாது, உங்கள் இடுப்பும் பிழைக்கும்.

விலையை எப்படிப் போடுவது?

ஒயர் விலையை இரட்டிப்பாக்கி விற்றுவிடு என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் சுற்றுகிறது. அந்தக் கணக்கை நான் ஒத்துக்கொள்வதில்லை. சின்னக் கூடைக்கு ஒயர் கொஞ்சம், நேரம் நிறைய. பெரிய கூடைக்கு ஒயர் நிறைய, ஆனால் அந்த அளவுக்கு நேரம் கூடாது. இரட்டிப்புக் கணக்கில் சின்னக் கூடையில் அடி வாங்குவீர்கள், விசேஷத்துக்குப் போவதோ எல்லாம் சின்னக் கூடை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒயர் 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரட்டிப்பு என்றால் 100. மூன்று மணி நேரம் உட்கார்ந்ததற்கு 50 ரூபாய், மணிக்கு 17 ரூபாய்கூட முழுதாக இல்லை. அதையே நேரத்தில் போட்டுப் பாருங்கள். உங்கள் ஊரில் வீட்டு வேலைக்கோ தையலுக்கோ மணிக்கு என்ன கிடைக்குமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். 40 ரூபாய் என்றால் கூலி மட்டும் 120. ஒயர் 50. வாங்கப் போன பஸ் காசு, வெட்டு விழுந்த துண்டு, கட்டும் தாள் எல்லாம் சேர்த்து ஒரு 10. ஆக 180. அதன் மேல்தான் லாபம்.

“இவ்வளவா? கடையில் குறைவாக இருக்கிறதே” என்பார்கள். கடையில் இருப்பதைக் கையில் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் முடிச்சு அகலமாக, அடி ஒற்றையாக இருக்கும். அப்புறமும் அதுதான் வேண்டும் என்றால் அங்கேயே வாங்கட்டும். எல்லோருக்கும் நாம் விற்றாக வேண்டும் என்று என்ன இருக்கிறது?

சொந்தக்காரர்களிடம் எப்படிக் காசு கேட்பது?

அதிகம் வருகிற கேள்வி இதுதான், அதுவும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள். சித்தி மகளுக்கு வளைகாப்பு, “நம்ம வீட்டுப் பொண்ணுதானே, ஒரு நாற்பது கூடை போட்டுக் கொடு” என்பார்கள். காசு கேட்டால் மனஸ்தாபம். கேட்காவிட்டால் நாற்பது கூடையும் நம் தலையில்.

நான் வைத்திருக்கும் வழக்கம் இது. ஒயர் காசு அவர்களுடையது, அதை முன்னாடியே வாங்கிவிடுவேன். கூலியில் நான் செய்ய நினைக்கும் முறை எவ்வளவோ அதை மொய்யாகக் கழித்துவிடுவேன். சித்தி மகளுக்கு நான் ஆயிரம் ரூபாய் மொய் வைக்க வேண்டியவள் என்றால் கூலியில் ஆயிரம் கழியும், மீதியை அவர்கள் தர வேண்டும். இதை வாயால் சொல்லி விடுவதில்லை. ஒரு தாளில் ஒயர் இவ்வளவு, கூலி இவ்வளவு, மொய் இவ்வளவு கழிவு, மீதி இவ்வளவு என்று எழுதிக் கொடுத்துவிடுவேன். அவர்கள் வீட்டு மொய் நோட்டிலும் அந்தத் தொகையை என் பெயரில் எழுதச் சொல்வேன். நாளைக்கு நம் வீட்டு விசேஷத்துக்கு அது முறையாகத் திரும்பி வரும். பெரியவர்கள் யாரும் இதற்கு முகம் சுளித்ததில்லை. சீர் செய்வது எல்லோருக்கும் தெரிந்த கணக்குதானே. சும்மா வாங்குவதுதான் அவர்களுக்கே சங்கடம்.

பக்கத்து வீட்டு அக்கா, மாமியாரின் சிநேகிதி என்று வருகிறவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவர்களுக்கு ஒரு பூக்கூடை இனாமாகக் கொடுத்தால் சந்தோஷமாகப் போவார்கள். விலையில் கை வைக்காதீர்கள்.

விசேஷத்துக்கு முன்னால் குடும்பமே கூடி உட்கார்ந்து பின்னினால் சீக்கிரம் முடியாதா?

முடியும், ஆனால் வேலையைப் பிரிக்கிற விதம் ஒன்று இருக்கிறது. ஒரே கூடையை இரண்டு பேர் பின்னக் கூடாது. கைக்குக் கை இறுக்கம் மாறும். அதே எண்ணிக்கை முடிச்சு, அதே எண்ணிக்கை சுற்று போட்டாலும் அத்தை பின்னின கூடை என் கூடையைவிட ஒரு விரல் உயரமாக நிற்கும். அத்தை அடி போட்டு நான் சுற்று எழுப்பினால் கூடை இடுப்பில் குறுகி, குடம் மாதிரி ஆகிவிடும்.

வெட்டுவதைப் பிள்ளைகளிடம் விடலாம். தரையில் சாக்பீஸால் அளவுக் கோடு போட்டுக் கொடுத்துவிட்டால் சண்டை போட்டுக்கொண்டே வெட்டித் தள்ளிவிடுவார்கள். முனை சொருகுவதைக் கண் தெரிகிற யாரும் செய்யலாம். கைப்பிடிகள் முழுவதையும் ஒருவரே போட வேண்டும். நல்ல கை உள்ளவர் அவராக இருக்கட்டும். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கூடை எடுத்து அடியிலிருந்து விளிம்புவரை தாங்களே முடிக்கட்டும். உயரமாக வருகிற அத்தையின் கூடைகளைத் தனியாகச் சேர்த்து மாப்பிள்ளை வீட்டாருக்கு என்று வைத்துவிட்டால் வித்தியாசம் வெளியே தெரியாது.

இப்படி உட்காரும் இரண்டு நாளில் கூடையைவிடப் பேச்சுதான் அதிகம் நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எத்தனை கூடை முடியும் என்று நினைக்கிறீர்களோ அதில் பாதிதான் முடியும். பலகாரத்துக்கு ஆள் வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பாதியும் வராது.

அக்கம்பக்கத்துப் பெண்களுக்குக் கூலிக்குக் கொடுத்து வாங்கலாமா?

தாராளமாக. ஒரு கூடைக்கு இவ்வளவு என்று பேசிவிடுங்கள். ஒயரை எடை போட்டுக் கொடுத்து, முடித்த கூடையையும் மீதித் துண்டுகளையும் எடை போட்டு வாங்குங்கள். சந்தேகப்படுவதற்காக இல்லை. யாருக்கு எவ்வளவு ஒயர் செலவாகிறது என்று தெரிந்தால்தான் அடுத்த ஆர்டருக்கு எவ்வளவு வாங்குவது என்று தெரியும். மாதிரிக் கூடை ஒன்றை ஒவ்வொருவர் வீட்டிலும் வைத்துவிடுங்கள். கூடையை வாங்கும் அன்றே கூலியைக் கையில் கொடுத்துவிடுங்கள். பார்ட்டியிடமிருந்து பணம் வரவில்லை என்ற கதையை அவர்களிடம் சொல்லக் கூடாது.

எந்த நிறம் போகும்?

விசேஷத்துக்கு மஞ்சள், அரக்கு, கிளிப்பச்சை, ராமர் பச்சை. கறுப்பு கலந்தால் பெரியவர்கள் ஒதுக்கிவிடுவார்கள், கரையில் மெல்லிய கோடாகக்கூட வேண்டாம். சந்தைக் கூடைக்கு அடர்ந்த நிறம், அழுக்கு தெரியாது. இப்போது புடவைக்குப் பொருத்தமாக நிறம் கேட்கிறார்கள். அப்படியென்றால் புடவையின் போட்டோ வேண்டாம், முந்தானையில் ஒரு நூல் இருந்தால் அனுப்பச் சொல்லுங்கள். போனில் தெரிகிற நிறத்தை நம்பி ஒயர் வாங்க முடியாது.

பிளாஸ்டிக் தடை இருக்கிறதே, ஒயர் கூடைக்குப் பிரச்சினை வராதா?

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பொருட்கள்: கேரி பேக், பிளாஸ்டிக் தட்டு, கப், உறிஞ்சுகுழல், தண்ணீர் பாக்கெட், சாப்பாட்டு மேஜையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள் போன்றவை. வருடக்கணக்கில் உழைக்கும் ஒயர் கூடை அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் அந்தக் கூடையை மெல்லிய பாலிதீன் பையில் போட்டுக் கொடுத்தால் அதுதான் தப்பு. செய்தித்தாளில் சுற்றிக் கொடுங்கள்.

இது பிளாஸ்டிக் இல்லை என்று யாரிடமும் சாதிக்கவும் வேண்டாம். “பிளாஸ்டிக்தான், ஆனால் பத்து வருஷம் காய்கறி வாங்கலாம்” என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். பிளாஸ்டிக்கே கூடாது என்பவர்களை நான் பனையோலைப் பக்கம் அனுப்பிவிடுவேன். செட்டிநாட்டுக் கொட்டானும் மணப்பாடு பக்கத்து ஓலைப் பெட்டிகளும் அருமையாக இருக்கும். அது வேறு கை, வேறு பயிற்சி. ஒயர் பின்னத் தெரிந்தால் ஓலையும் வந்துவிடும் என்று நினைத்து ஆர்டரை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஜிஎஸ்டி எடுக்க வேண்டுமா?

தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்பவர்களுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் கட்டாயம். நம்மில் பெரும்பாலோருக்கு அது எட்டாத தூரம். பெரிய ஆன்லைன் தளங்களில் விற்க முன்பெல்லாம் ஜிஎஸ்டி எண் இல்லாமல் முடியாது. 2023 அக்டோபர் 1 முதல் மாநிலத்துக்குள் விற்கும் சின்ன வியாபாரிகள் ஜிஎஸ்டி தளத்தில் ஒரு பதிவு எண் மட்டும் வாங்கிக்கொண்டு விற்கலாம். வெளிமாநிலத்துக்கு அடிக்கடி ஆர்டர் வருகிறதென்றால் ஒரு ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

உத்யம் பதிவு, அதாவது சிறுதொழில் என்று அரசிடம் பதிந்துகொள்வது, அதை மட்டும் செய்துவிடுங்கள். ஆதாரும் பான் கார்டும் இருந்தால் அரசு இணையதளத்தில் நாமே செய்துகொள்ளலாம், ஒரு பைசா கட்டணம் கிடையாது. காசு கேட்கிற தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் இல்லை.

கடன் வாங்கித் தொடங்கலாமா?

தொடங்குவதற்கு வேண்டாம். நாலு கட்டு ஒயருக்கு எதற்குக் கடன்? ஆள் வைத்து, மொத்தமாக ஒயர் எடுக்கும் நிலைக்கு வந்த பிறகு யோசியுங்கள். அப்போது முத்ரா கடனில் சிசு பிரிவு இருக்கிறது, 50,000 ரூபாய் வரை, அடமானம் இல்லை. தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் 2025-இல் வந்தது. 35 வயது நிரம்பியவர்களுக்கு 25 வகைத் தொழில்களில் 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். கூடை முடைதலும் அந்த 25-இல் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். மகளிர் சுயஉதவிக் குழுவில் இருந்தால் கடனைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு: குழுப் பொருட்களுக்கு அரசு நடத்தும் ‘மதி’ விற்பனைக் கண்காட்சிகளில் கடை போட இடம் கிடைக்கும்.

வெளியூருக்கு எப்படி அனுப்புவது?

கூரியரில் ஒரு விஷயம் தெரியாமல் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். பெட்டி பெரிதாக இருந்தால் அவர்கள் தராசு எடையைப் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுத்து வருவதைக் கிலோவாக எடுத்துக்கொள்வார்கள். 35-க்கு 20-க்கு 30 உள்ள ஒரு சந்தைக் கூடைக்கு 4.2 கிலோ வரும். தராசில் அது ஒரு கிலோகூட இருக்காது.

அதனால் ஒற்றைக் கூடையை வெறுமையாக அனுப்பாதீர்கள். ஒன்றுக்குள் ஒன்று போகிற மாதிரி மூன்று அளவில் பின்னி ஒரு செட்டாக விற்றால் அதே பெட்டியில் மூன்றும் போய்விடும். விசேஷ ஆர்டர் என்றால் கைப்பிடிகளை உள்பக்கம் மடித்து, கூடைகளை அடுக்கிச் சாக்கில் தைத்து, லாரி புக்கிங் ஆபீஸிலோ ஆம்னி பஸ்ஸிலோ போட்டுவிடுவது மலிவு. விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்பே போய்ச் சேரும்படி பாருங்கள்.

அட்வான்ஸ் எவ்வளவு? கல்யாணம் நின்றுவிட்டால்?

பாதி. அது வராமல் ஒயர் வாங்கப் போகாதீர்கள். கல்யாணம் நின்றுபோன வீட்டில் போய் மீதிப் பணம் கேட்பது எனக்கு ஆகாது. பின்னி முடித்த கூடைகளை நானே வைத்துக்கொண்டு, அட்வான்ஸில் கூலி போக மிஞ்சுவதைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். கூடையில் பெயர், தேதி பின்னக் கேட்டால் மட்டும் முழுப் பணமும் முன்னாலேயே. அதை வேறு யாருக்கும் விற்க முடியாது.

யூடியூபில் பார்த்து என் டிசைனை அப்படியே போடுகிறார்களே?

போடட்டும். நாமும் யாரையோ பார்த்துத்தான் போட்டோம்.

ஆடி, மார்கழியில் வியாபாரம் இருக்காதா?

கல்யாணம் இருக்காது, அவ்வளவுதான். ஆடியிலோ ஆவணியிலோ வரலட்சுமி நோன்பு வரும். தாம்பூலத்தோடு கொடுக்க உள்ளங்கை அகலக் குங்குமக் கூடை கேட்பார்கள். அடுத்து நவராத்திரி, கொலுவுக்கு வருகிறவர்களுக்கு வைத்துக் கொடுக்க அதே கூடை. இரண்டுக்கும் சேர்த்து ஆடி பிறந்ததும் பின்ன உட்கார்ந்துவிடுங்கள். மார்கழியில் அர்ச்சனைக் கூடை நன்றாகப் போகும், தை பிறந்தால் மறுபடி முகூர்த்தம்.

விரல் எரிகிறது, கழுத்து வலிக்கிறது, என்ன செய்வது?

ஒயர் ஓரம் அறுக்கும் இடம் எல்லோருக்கும் ஒன்றுதான்: ஆள்காட்டி விரலின் முதல் கணு. அங்கே பிளாஸ்திரியோ மெல்லிய துணியோ சுற்றிக்கொண்டு உட்காருங்கள். கழுத்து வலிக்குக் காரணம் கூடையை மடியில் வைத்துக் குனிவது. சின்ன ஸ்டூல் மேல் கூடையை வைத்தால் பாதி வலி குறையும். ஒரு சுற்று முடிந்ததும் எழுந்து நடங்கள்.

கூடையை எப்படிக் கழுவுவது?

சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷால் முடிச்சு இடுக்குகளில் தேயுங்கள். வெந்நீர் வேண்டாம், ஒயர் தளர்ந்துவிடும். கவிழ்த்து நிழலில் காயவிடுங்கள். மொட்டை மாடி வெயிலில் போட்டால் நிறமும் போகும், ஒயரும் மொடமொடவென்று ஆகிவிடும். கைப்பிடி தளர்ந்தால் தூக்கிப்போடாமல் பின்னினவரிடமே கொண்டுபோய்க் கொடுங்கள். கைப்பிடியை மட்டும் மாற்ற ஒரு மணி நேரம்தான் ஆகும்.